98 நாளை எங்கே வெட்டுவது?

மகப்பேறு விடுப்பை எப்போது தொடங்குவது என்ற பேச்சை, சுங்கை பூலோவில் எழுபதைத் தாண்டிய பாட்டிமாரிடம் எடுத்துப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்: "நாங்கள்லாம் வலி வந்த அன்னிக்குக் காலையிலயும் நெரையில நின்னவங்க." 1925இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகத்தின் (ஆர்ஆர்ஐ) சோதனைத் தோட்டம் இந்த ஊரில்தான் பரந்து கிடந்தது. மரங்கள் போய், அந்த நிலம் இன்று குவாசா டமான்சாரா என்ற புதுநகரமாகி வருகிறது. ஆர்ஆர்ஐ தமிழ்ப்பள்ளியின் பெயரில் பழைய தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டி சொல்வது பொய்யில்லை. பேத்தி கேட்கும் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

பேத்தி எம்ஆர்டி ஏறிக் கோலாலம்பூர் போய் எட்டு மணி நேரம் கணினி முன் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் நாத்தனார் மேரு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நிற்கிறாள். இருவருக்கும் ஒரே மாதத்தில் பிரசவம். அலுவலகம், கிளினிக், குடும்பம் என்று எங்கே போனாலும் இருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: "எப்ப லீவு போடப் போற?" மருத்துவ ஆய்வுகளைப் புரட்டினால் அவை தேதி எதுவும் சொல்வதில்லை. திருப்பிக் கேட்கின்றன: நீ என்ன வேலை செய்கிறாய்?

முதலில் கணக்கு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்றால் 14 வாரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டின் 183ஆவது உடன்படிக்கையில் குறைந்தபட்சமாக வைத்த அளவு. சனி, ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம் எல்லாம் சேர்த்துத் தொடர்ச்சியாக 98 நாள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து இந்த ஒரே மூட்டைதான். முன்னால் ஒரு வாரம் எடுத்தால் பின்னால் ஒரு வாரம் குறையும். 60 நாளாக இருந்த காலத்தில் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கவே இடமில்லை. இருந்த கொஞ்ச நாளைக் குழந்தையோடு கழிக்கத்தான் யாரும் நினைப்பார்கள். இப்போது கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனாலேயே கேள்வியும் வந்திருக்கிறது.

இடத்துக்கு ஒரு வேலியும் உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன் மகப்பேறு விடுப்பைத் தொடங்கக் கூடாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டியும் தள்ளிப்போடக் கூடாது. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த 30 நாள் எண்ணப்படுவது மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து அல்ல, குழந்தை பிறந்த நாளிலிருந்து. டியூ டேட்டுக்குச் சரியாக 30 நாள் முன்பு ஒருத்தி விடுப்பைத் தொடங்குகிறாள். குழந்தை எட்டு நாள் தாமதமாகப் பிறக்கிறது. சட்டத்தின் வாசகப்படி, 30 நாளுக்கு மேற்பட்ட அந்த எட்டு நாள் மகப்பேறு விடுப்பாகாது. அதற்கு மகப்பேற்றுப் படியும் கிடையாது. தாமதமாக வருவேன் என்று குழந்தை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த டியூ டேட் எவ்வளவு நம்பத்தகுந்தது? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று எண்ணும் முறை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலே பெயரில் வழங்குகிறது. இன்று முதல் மாதங்களின் ஸ்கேன் அதைத் திருத்திக் கொடுக்கிறது. அப்படியும், குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கருமுட்டை வெளிப்பட்ட நாளையே ஹார்மோன் அளவுகளைக் கொண்டு கண்டுபிடித்து, 125 கர்ப்பங்களை எண்ணினார்கள். குறைமாதப் பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், மிகக் குறுகிய கர்ப்பத்துக்கும் மிக நீண்டதற்கும் இடையே 37 நாள் வித்தியாசம் இருந்தது. எண்ணியதில் பிழை இல்லை; கர்ப்பத்தின் நீளமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே "டியூவுக்கு ரெண்டு வாரம் முன்னால நிக்கிறேன்" என்று சொல்பவள் உண்மையில் நான்கு வாரம் முன்பே நின்றிருக்கலாம். அல்லது அன்று மாலையே பிரசவ அறைக்குப் போகவும் நேரலாம்.

இந்த நிச்சயமின்மைதான் பலரை முன்கூட்டியே நிறுத்த வைக்கிறது. ரயிலில் போகும்போது பனிக்குடம் உடைந்துவிட்டால்? மாதம் நிறைந்த பெண்களில் வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைவது நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துப் பேருக்கு. மற்றவர்களுக்கு வலிதான் முதலில் வரும். தலைப்பிரசவத்தில் அது பெரும்பாலும் பல மணி நேரம் இழுக்கும். சினிமாவில் வருவதுபோல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிவது அபூர்வம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வேகம் கூடும் என்பதால், கணக்கு அவர்களுக்கு மாறும். ஆனால் இந்தப் பயம் ஒன்றுக்காக மட்டும் முழு மாதத்தையும் முன்னாலேயே செலவழிப்பது வீண் என்பேன்.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்த நீர் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் இரத்தம் நீர்த்துப் போகிறது. கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) விரலைக் குத்திப் பார்த்து "எச்பி கொறைஞ்சிருச்சு" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவு 30 முதல் 50 சதவீதம் உயர்கிறது. கவனியுங்கள், இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கடைசி மாதத்தில் நடப்பதில்லை. ஆறாம், ஏழாம் மாதத்திலேயே இதயம் கிட்டத்தட்ட உச்ச வேலைக்கு வந்துவிடுகிறது. வயிறு இன்னும் பெரிதாகத் தெரியாத அந்தக் கட்டத்தில், "இன்னும் நாள் இருக்கே" என்று மேலாளர் சொல்லும்போது, இதயம் ஏற்கெனவே கூடுதல் நேர வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கூடுதல் இரத்தத்தில் ஒரு பெரும் பங்கு கருப்பைக்குப் போகிறது. கர்ப்பமில்லாதபோது கருப்பைக்கு நிமிடத்துக்குச் சில பத்து மில்லி லிட்டர் இரத்தம் போதும். மாதம் நிறையும்போது அது அரை லிட்டரைத் தாண்டும். நஞ்சுக்கொடியின் வழியே குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் அந்த ஓட்டத்தை நம்பித்தான். இப்போது அந்தப் பெண் பேக்கிங் மேசை முன் அசையாமல் நிற்கிறாள். ஈர்ப்பு விசை இரத்தத்தைக் காலுக்கு இழுக்கிறது. கால் இரத்தம் மேலே திரும்ப வேண்டுமென்றால் கெண்டைக்கால் சதை சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கும், நிற்கும்போது நடக்காது. மேலே வளர்ந்துவிட்ட கருப்பை, காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையை வேறு அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. தலை சுற்றாமல் காக்க உடம்பு இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அப்படி இறுக்கும்போது மூளையை விட்டுக்கொடுக்காது. கருப்பைக்குப் போகும் பங்கில் கை வைக்கக்கூடும். மாலையில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலைச் சுற்றி ஆழமாகப் பதிந்திருக்கும் அந்த வளையத் தடம், பகல் முழுக்கக் கால் பக்கம் தேங்கிய நீரின் அடையாளம்.

இதோடு மற்றவையும் உண்டு. ஆக்சிஜன் தேவை சுமார் 20 சதவீதம் கூடுகிறது. உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது, அடிக்கடி மூச்சு வாங்குகிறது. உடலின் எடை மையம் முன்னால் நகர, முதுகெலும்பு வளைந்து ஈடுகட்டுகிறது. மூட்டு நார்கள் தளர்கின்றன. நம் ஊர் வெயிலில் உடம்புச் சூட்டை வெளியேற்றுவதே தனி வேலை.

ஆக, நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. இங்கேதான் பாட்டி மறுபடி வருகிறார். பால் மரம் வெட்டியவர் விடியலுக்கு முன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போனார். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரம். மரத்துக்கு மரம் நடை. உச்சிக்குள் பால் எடுத்துத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறும்போது லயத்துக்குத் திரும்பினார். காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தது கொடுமை. அதை யாரும் கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் 8 மணி நேரம் ஒரே சதுர அடியில், சிமெண்டுத் தரையில் அவர் நின்றதில்லை. அவருடைய உழைப்பை அளவுகோலாக வைத்துப் பேத்தியின் நாத்தனாரை அளக்க முடியாது. வேறு உழைப்பு, வேறு பாரம்.

அதோடு, நம்மிடம் கதை சொல்ல இருப்பவர்கள் பிழைத்தவர்கள். தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் சோகையும் எத்தனை தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கொண்டுபோயின என்பது லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். வலி வந்த அன்றும் நிரையில் நின்று, பிறகு திரும்பி வராதவளிடம் யாரும் கதை கேட்க முடியாது. மலாயாக் கூட்டரசு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே தோட்டப் பெண்களுக்கு மகப்பேற்றுப் படி எழுதப்பட்டது, அதற்குத் தேவை இருந்ததால்தான்.

ஆய்வுகளுக்கு வருவோம். இந்தக் கேள்வியை முதலில் தராசில் வைத்தவர்களில் ஒருவர் பாரிஸ் மகப்பேறு மருத்துவர் அடோல்ஃப் பினார். 1895இல் அவர் சொன்னது: வலி வரும்வரை உழைத்த ஏழைப் பெண்களின் குழந்தைகளைவிட, கடைசி நாள்களைப் புகலிடத்தில் ஓய்வாகக் கழித்தவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. பிரசவத்துக்கு முந்தைய ஓய்வுக்காகச் சட்டம் கேட்டவர்கள் எல்லாம் பிறகு இந்த எண்ணைக் கையில் எடுத்தார்கள். ஆனால் புகலிடத்தில் ஓய்வோடு சோறும் கிடைத்தது. எடையைக் கூட்டியது படுக்கையா, தட்டா? பினாரின் தராசால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நூறு ஆண்டு கழித்தும் இதே சிக்கல்தான். கர்ப்பிணிகளைக் குலுக்கல் போட்டு, "நீ நில், நீ உட்கார்" என்று பிரித்துச் சோதிக்க முடியாது. நின்று வேலை செய்பவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்கள். அவர்கள் உணவு, வீடு, உறக்கம் எல்லாமே வேறு. அதே சமயம் தெம்புள்ளவர்கள்தான் கடைசிவரை வேலைக்கு வருகிறார்கள், தொந்தரவு உள்ளவர்கள் முன்பே நின்றுவிடுகிறார்கள். அதனால் கடைசிவரை உழைத்தவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிவார்கள்.

இந்த எச்சரிக்கைகளோடு எண்களைப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில், 29 ஆய்வுகளில் இருந்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடலை வருத்தும் வேலை, நெடுநேரம் நிற்பது, ஷிஃப்ட் வேலை ஒவ்வொன்றும் குறைமாதப் பிரசவ வாய்ப்பைச் சுமார் கால் பங்கு கூட்டியது. கால் பங்கு என்றதும் பதற வேண்டாம். உலகளவில் பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. அதை வைத்துப் பார்த்தால், நூறு பெண்களில் பத்தாக இருப்பது பன்னிரண்டாகிறது. ஒருத்திக்குச் சிறிய அபாயம். ஆயிரம் பெண்கள் நிற்கும் தொழிற்பேட்டைக்குச் சிறியது அல்ல.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைத் தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. நெடுநேரம் நின்றவர்களின் குழந்தைகளுக்குத் தலைச் சுற்றளவு சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவு. வாரம் 40 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தவர்களின் குழந்தைகள், 25 மணிக்குக் குறைவாக உழைத்தவர்களின் குழந்தைகளைவிட 150 முதல் 200 கிராம் எடை குறைவு. ஆனால் அபாயகரமான எடைக்குறைவோ குறைமாதப் பிரசவமோ உழைப்போடு சீராகக் கூடியதாக அதே ஆய்வு காணவில்லை. மலேசியச் சட்டம் 2023 முதல் வார வேலையை 48 மணியிலிருந்து 45ஆகக் குறைத்திருக்கிறது. ஓவர்டைம் அதற்கு மேல்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் அதே 2012இல் வெளியிட்டது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, குடும்பச் சூழலின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தார்கள். எட்டாம் மாதத்துக்குப் பிறகும் வேலை செய்தவர்களின் குழந்தைகள், ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் நிறுத்தியவர்களின் குழந்தைகளைவிடச் சராசரி 230 கிராம் குறைவாக இருந்தன. படிப்புக் குறைந்த தாய்மாரிடம் பாதிப்பு அதிகம். உடலுழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இரவு ஷிஃப்ட் பற்றித் தனியாக ஒரு வரி. டென்மார்க்கில், பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வில், எட்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் இரண்டு இரவு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவர்களுக்கு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. எட்டாம் வாரம்! விடுப்பு விண்ணப்பத்தைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலம் அது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். உடம்பின் மேல் வேலை ஏற்றும் பாரம் கடைசி 30 நாளில் தொடங்குவதில்லை. இரவு வேலை முதல் மூன்று மாதத்தில் தொடுகிறது. நிற்பதும் நீண்ட நேரமும் ஆறாம், ஏழாம் மாதத்தில். நம் சட்டத்தின் கதவு திறப்பதோ 36ஆம் வாரத்துக்கு அருகில். அந்தக் கதவு திறக்கும்வரை பேக்கிங் மேசை முன் நின்றுவிட்டு, பிறகு வீட்டில் 30 நாள் உட்காருவது தலைகீழ் ஏற்பாடு.

அப்படியானால் ஏழாம் மாதமே எல்லாரும் வேலையை விட்டுப் படுத்துவிடலாமா? கூடாது. படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருப்பதால், அசையாமல் கிடந்தால் காலில் இரத்தக்கட்டி வரும் அபாயம் உண்டு. தசையும் எலும்பும் வலுவிழக்கும். சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பேத்திக்கும் எச்சரிக்கை இதுதான்: மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். மற்றபடி, சிக்கல் எதுவும் இல்லை, பயணம் கொல்லவில்லை என்றால், 37, 38ஆம் வாரம்வரை, விரும்பினால் அதற்குப் பிறகும், அவள் வேலை செய்வதைத் தடுக்க மருத்துவக் காரணம் பெரிதாக இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு எழுத்தில் விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறது, முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நம் வழக்கத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு முன்பே இருந்தது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, பிறகு தாய்வீடு. மாமியார் வீட்டு வேலையிலிருந்து பெண்ணை விடுவிக்க அதைவிட மரியாதையான வழி கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வளைகாப்பு. திங்கட்கிழமை காலை கை நிறையக் கண்ணாடி வளையலோடு பஞ்ச் கார்டு. சடங்கை வைத்துக்கொண்டு அதற்குள் இருந்த விடுப்பைக் கழற்றிவிட்டோம்.

இனி தனித்தனியாக. அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தைக் கையில் எடுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தை முதலில் பாருங்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியின் கவனிப்பே போதும். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மலேசியா முழுக்கப் பல்லாண்டாக நடப்பில் உள்ள எளிய, அருமையான ஏற்பாடு. நிறம் கர்ப்பத்தின் நடுவிலேயே மாறும். எப்போது வேலையை நிறுத்துவது என்பதற்கு, நாள்காட்டியைவிட இந்த நிறம் நல்ல வழிகாட்டி. வெள்ளையில் இருந்தவள் மஞ்சளுக்குப் போனால், போட்டு வைத்த திட்டத்தையும் மாற்ற வேண்டும்.

நம் பெண்களுக்கு நிறம் மாறும் பெரிய காரணம் சீனி. இந்திய வம்சாவளிப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்கும் அந்தச் சோதனையில் மாட்டினால், அடிக்கடி கிளினிக், உணவுக் கட்டுப்பாடு, சிலருக்கு இன்சுலின். இன்சுலின் போடுபவர்களை மருத்துவர்கள் பெரும்பாலும் 40 வாரம் முடியும்வரை விட்டுவைப்பதில்லை; வலி வரவழைக்க முன்கூட்டியே நாள் குறித்துவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கு டியூ டேட் என்று புத்தகத்தில் இருக்கும் நாள் வெறும் எழுத்து. பின்னோக்கி எண்ணும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் கூடியவர்களுக்கும் அப்படியே.

மற்றொரு பை இருப்பதை மறந்துவிட வேண்டாம். உடல்நலக் காரணத்தால் மருத்துவர் கொடுக்கும் எம்சி, மகப்பேறு விடுப்பில் கழியாது. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 60 நாள் தனி. முதுகுவலியோடும் வீங்கிய காலோடும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, பிறகு மகப்பேறு விடுப்பில் கைவைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னால் ஏன் நாள் மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கும் உடம்பே காரணம். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். அறுவைச் சிகிச்சை என்றால் வயிற்றில் பல அடுக்குகள் ஆற வேண்டும். தாய்ப்பால் சுரப்பு நிலைபெற முதல் சில வாரங்கள் தேவை. குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 98 நாள் முழுவதும் பின்னால் கிடைத்தாலே மூன்றே கால் மாதம்தான். முன்னால் 30 போனால், 68 நாளே ஆன குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். இந்தியாவில் 2017 முதல் 26 வாரம். அதில் எட்டு வாரம்வரை முன்னால் எடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு. இலங்கையில் 84 நாள். ஜெர்மனியில் முன்னால் ஆறு வாரமும் பின்னால் எட்டு வாரமும் தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தாய் தன் முதுகுவலிக்கும் குழந்தையின் பாலுக்கும் இடையே பேரம் பேச வேண்டியதில்லை. நாமும் கேட்க வேண்டியது அதைத்தான்.

இதுவரை பேசியது, முடிவு பெண்ணின் கையில் இருக்கும்போது. இருக்காத காலமும் உண்டு. மலேசிய விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் 1991இல் கர்ப்பமானார். அன்றைய கூட்டு ஒப்பந்தத்தின்படி, கர்ப்பமானால் அவர் பதவி விலக வேண்டும். மறுத்தார், நீக்கப்பட்டார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவு தனியார் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அவர் மனுவைத் தள்ளியது. 2009இல், தற்காலிக ஆசிரியர் பணி கொடுத்த கையோடு, கர்ப்பம் என்று தெரிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதை எதிர்த்து நூர்ஃபடிலா அகமட் சைக்கின் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் போனார். 2011இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது; அது பால் வேறுபாடு காட்டும் செயல் என்றது நீதிமன்றம். 2023 முதல், கர்ப்பிணியையோ கர்ப்பத்தால் நோயுற்றவளையோ அக்காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்குவதை வேலைச் சட்டமே குற்றம் என்கிறது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த மகப்பேறு பகுதி பொருந்தாது. வீட்டில் தையல் போடுபவர், பலகாரம் செய்து விற்பவர், கிராப் ஓட்டுபவர் யாருக்கும் 98 என்ற எண்ணே கிடையாது. அவர்கள் நிறுத்தும் நாளை முடிவு செய்வது கையிருப்பு.

சுங்கை பூலோ, கிள்ளான், மேரு, காப்பார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்யும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. கடைசி மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கர்ப்பம் உறுதியானதும் இரவு ஷிஃப்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 24, 28 வாரக் கிளினிக் நாளில், "என் வேலை என்ன, எத்தனை மணி நேரம் நிற்கிறேன், என்ன தூக்குகிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, லைட் டியூட்டிக்குக் கடிதம் கேளுங்கள். கேட்காமல் யாரும் எழுதித் தர மாட்டார்கள். பிங்க் புத்தகத்தில் தொழில் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர்" என்று இருப்பதை வைத்து நீங்கள் நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. உட்காரும் வேலை கிடைத்தால், மகப்பேறு விடுப்பைக் கடைசி வாரத்தில் தொடங்கினால்கூடப் போதும்.

வேலையையே விட்டுவிட நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் செய்துவிட்டு விடுங்கள். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்து, கடைசி நாலு மாதத்தில் எந்த நாளிலாவது அங்கே பணியில் இருந்திருந்தால், மகப்பேற்றுப் படி உங்களுக்கு உரியது. இதற்கு, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஐந்து பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் விலகுவதற்கு முன் கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வேலையில் தொடர்பவர்கள், எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள், அந்த நாளையும் விடுப்பு தொடங்கும் நாளையும் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.